பதறாத கார் சிதறாது!

இரவு மணி பத்தே முக்கால். இடம்: ஈ.சி.ஆர். நவம்பர் மழை அப்போதுதான் அடித்து ஓய்ந்திருக்கிறது. நண்பனின் மாமா ஊரிலிருந்து வந்திருக்கிறார். அவருடைய சிவப்பு கலர் ஸ்போர்ட்ஸ் காரின் சாவி எப்படியோ நண்பன் கைக்கு வந்துவிட்டது. பக்கத்து ஸீட்டில் நீங்கள். ரோடு காலி. உத்தண்டி தாண்டியதும் நண்பன் உங்களைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிக்கிறான்.

"மச்சி... பாக்கறியா?"

அவன் வலது கால் இறங்குகிறது. முதுகு ஸீட்டோடு ஒட்டிக்கொள்கிறது. தூரத்தில் ரோடு லேசாக வலது பக்கம் வளைகிறது. வளைவில் தெருவிளக்கு வெளிச்சம் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. அது கண்ணாடி இல்லை. தேங்கிய தண்ணீர்!

ஸ்டாப்! இந்த ஸீனை இப்படியே ஃப்ரீஸ் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் திரும்பி வருவோம். அதற்கு முன்னால் கொஞ்சம் பிசிக்ஸ், கொஞ்சம் ரேஸ், கொஞ்சம் பயம். மூன்றும் தெரிந்தால்தான் அந்த வளைவில் என்ன செய்வது என்று சொல்ல முடியும்.

தமிழில் 'கார்' என்றால் மழை மேகம். அதனால்தான் கார்காலம் என்கிறோம். ஆனால் இந்தக் காருக்கும் அந்தக் காருக்கும் ஏழாம் பொருத்தம்!

நாலே நாலு உள்ளங்கை

உங்கள் உள்ளங்கையை விரித்துப் பாருங்கள். ஒரு கார் டயர் ரோட்டைத் தொடும் இடம் ஏறக்குறைய அவ்வளவுதான். நாலு டயருக்கு நாலு உள்ளங்கை. ஒன்றரை டன் எடையும், 400 குதிரை சக்தியும், உள்ளே உட்கார்ந்திருக்கிற உங்கள் உயிரும் இந்த நாலு உள்ளங்கையை நம்பித்தான் ஓடுகின்றன.

இந்தப் பிடி என்பது பாக்கெட் மணி மாதிரி. வேகம் கூட்ட கொஞ்சம், பிரேக் பிடிக்கக் கொஞ்சம், வளைவில் திரும்பக் கொஞ்சம் என்று செலவு பண்ணலாம். ஆனால் மொத்தத் தொகை ஒன்றுதான். வளைவில் திரும்பவே முழுப் பணத்தையும் செலவு செய்துவிட்டு, நடுவில் பிரேக்கையும் மிதித்தால்? பர்ஸ் காலி. கார் வழுக்கும்.

மழை வந்தால் என்ன ஆகும்? அப்பா திடீரென்று பாக்கெட் மணியைக் குறைத்துவிடுவார். அவ்வளவுதான் மேட்டர். உலர்ந்த தார் ரோட்டில் உராய்வு எண் சுமார் 0.8 என்றால், ஈர ரோட்டில் நல்ல டயருக்கே சுமார் 0.5-தான்.

ப்ளஸ் ஒன் பிசிக்ஸ் ஞாபகம் இருக்கா? ஒரு கணக்குப் போடுவோம். 80 கி.மீ. வேகம். உலர்ந்த ரோட்டில் பிரேக் பிடித்தால் சுமார் 31 மீட்டரில் கார் நிற்கும். ஈர ரோட்டில் சுமார் 50 மீட்டர் வேண்டும். அட, 19 மீட்டர்தானே என்கிறீர்களா? இப்படிப் பாருங்கள். உலர்ந்த ரோட்டில் கார் நின்றிருக்க வேண்டிய அதே இடத்தை, ஈர ரோட்டில் உங்கள் கார் கிட்டத்தட்ட 50 கி.மீ. வேகத்தில் கடந்துபோய்க்கொண்டிருக்கும். அந்த இடத்தில் ஒரு மாடு நின்றால்? ஒரு டி.வி.எஸ். 50 நின்றால்?

இதில் நீங்கள் ஆபத்தைப் பார்த்து, மூளை யோசித்து, கால் பிரேக்குக்குப் போகிற நேரம் சேர்த்தி இல்லை. அதற்கு ஒரு விநாடி என்றால் கூடவே இன்னொரு 22 மீட்டர்!

படகாகும் கார்

மேலே சொன்னது வெறும் ஈர ரோட்டுக் கணக்கு. தண்ணீர் தேங்கி நின்றால் கதையே வேறு.

டயரில் இருக்கிற கோடுகள் அழகுக்கு இல்லை. ரோட்டில் இருக்கும் தண்ணீரை வாரி, பக்கவாட்டில் தள்ளுகிற கால்வாய்கள் அவை. வேகம் கூடக்கூட தண்ணீரைத் தள்ள டயருக்குக் கிடைக்கிற நேரம் குறைகிறது. ஒரு கட்டத்தில் தள்ள முடியாமல் டயர் தண்ணீரின் மேல் ஏறி மிதக்க ஆரம்பிக்கிறது. இதற்குப் பெயர் அக்வாபிளேனிங். அந்த நேரத்தில் நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் சரி, பிரேக்கை மிதித்தாலும் சரி... கார் கேட்காது. ஏனென்றால் அது அப்போது கார் இல்லை, படகு!

இதை முதலில் சீரியஸாக ஆராய்ந்தவர்களில் நாசாக்காரர்கள் உண்டு. ஈர ரன்வேயில் விமானங்கள் ஏன் வழுக்குகின்றன என்று 1960-களில் அவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1963-ல் ஒரு கணக்கு கிடைத்தது. டயர் மிதக்க ஆரம்பிக்கும் வேகம், டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் பொறுத்தது! அழுத்தம் குறைந்தால் சீக்கிரமே மிதக்கும். விமான டயருக்காகப் போட்ட அந்தக் கணக்கை காருக்குத் தோராயமாகப் பொருத்திப் பார்த்தால், 32 பி.எஸ்.ஐ. காற்று இருக்கும் டயர் சுமார் 94 கி.மீ. வேகத்தில் மிதக்கும். காற்று 22-க்கு இறங்கியிருந்தால் சுமார் 78-லேயே மிதந்துவிடும்.

"மழைக்காலத்துல காத்தைக் கொஞ்சம் இறக்கிட்டா க்ரிப் நல்லா இருக்கும் சார்" என்று யாராவது அட்வைஸ் செய்தால் இனிமேல் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். கார் கம்பெனி சொன்ன அளவு காற்றுதான் சரியான காற்று. அது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் உள்ளே ஸ்டிக்கரில் இருக்கும்.

டயர் மொட்டையாக இருந்தால் மிதக்கிற வேகம் இன்னும் குறையும் என்பதை தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்போர்ட்ஸ் கார்னா ஸேஃப்தானே?

இதுதான் நம்மில் பல பேருக்கு இருக்கிற பெரிய தப்புக் கணக்கு. "கோடி ரூபா கார் மச்சி, ரோட்டை அப்படியே கவ்வும்!" கவ்வும்தான். உலர்ந்த ரோட்டில்.

மழையில் ஸ்போர்ட்ஸ் காரின் பலங்களே பலவீனங்களாகிவிடும். எப்படி?

ஒன்று, அகல டயர். டயர் அகலமானால் ஒரே நேரத்தில் தள்ள வேண்டிய தண்ணீரும் அதிகம். செருப்புக் காலோடு குட்டையில் நடப்பதற்கும், முறத்தைக் கட்டிக்கொண்டு நடப்பதற்கும் உள்ள வித்தியாசம். சில கார்களில் ரேஸ் டிராக்குக்கான செமி ஸ்லிக் டயர்கள் வேறு இருக்கும். அவற்றில் தண்ணீர் போகக் கால்வாயே கொஞ்சம்தான்.

இரண்டு, பின் சக்கரத்துக்குப் போகும் அசுர பவர். ஈர ரோட்டில் ஆக்ஸிலரேட்டரை ஒரு இன்ச் அதிகமாக மிதித்தால் போதும்... பின் சக்கரங்கள் சும்மா சுழலும், காரின் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும்.

மூன்று, எடை எங்கே இருக்கிறது என்பது. போர்ஷே 911 காரில் எஞ்சின் பின் சக்கரங்களுக்கும் பின்னால் இருக்கிறது. பழைய 911-ல் வளைவுக்குள் வேகமாக நுழைந்துவிட்டு, பயந்துபோய் சட்டென்று ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எடை முன்னால் சாயும், பின் டயர்கள் லேசாகும், பின்பக்கம் பம்பரம் மாதிரி சுற்றும். 1970-களில் வந்த 911 டர்போவில் இன்னொரு வில்லங்கம். மிதித்தவுடன் பவர் வராது. ஒரு நொடி தாமதித்து, வளைவு நடுவில் மொத்தமாக வந்து இறங்கும். 'மனைவியை விதவையாக்கும் கார்' என்றே அதற்குப் பட்டப்பெயர் வைத்தார்கள்!

மழையின் மகாராஜாக்கள்

அப்படியானால் மழையில் வேகமாக ஓட்டவே முடியாதா? முடியும் என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எங்கே, எதை வைத்துக் காட்டினார்கள் என்பதுதான் முக்கியம்.

1993 ஏப்ரல் 11, இங்கிலாந்தின் டோனிங்டன் பார்க். ஃபார்முலா ஒன் பந்தயம். மழை. நாலாவது இடத்தில் கிளம்பிய பிரேசில் வீரர் அயர்டன் சென்னா, கிளம்பிய வேகத்தில் ஐந்தாவது இடத்துக்குப் போய்விடுகிறார். அவருக்கு முன்னால் ஷூமேக்கர், வெண்ட்லிங்கர், டேமன் ஹில், அலன் ப்ராஸ்ட். முதல் சுற்று முடிவதற்குள் நாலு பேரையும் தாண்டிவிட்டார் மனுஷன்! கடைசியில் ஹில்லைத் தவிர எல்லோரையும் குறைந்தது ஒரு முழுச் சுற்று பின்தங்க வைத்து ஜெயித்தார்.

பிறவி மேதையா? அப்படி இல்லை என்பதுதான் விஷயம். சின்ன வயசில் கார்ட் பந்தயத்தில் மழையில் மண்ணைக் கவ்வியவர் அவர். அதற்கப்புறம் மழை பெய்தால் போதும், எல்லோரும் வீட்டுக்குள் ஓட, இவர் மட்டும் கார்ட்டை எடுத்துக்கொண்டு டிராக்குக்கு ஓடுவார். பிடி எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று ஒவ்வொரு அடியாகத் தேடிக் கற்றுக்கொண்டார். உலர்ந்த நாளில் எல்லோரும் ஓட்டுகிற பாதையில் டயர் ரப்பர் படிந்திருக்கும். மழை பட்டால் அதுவே சோப்பு. அதனால் மழையில் ஜெயிப்பவர்கள் அந்தப் பாதையை விட்டு விலகி, சொரசொரப்பான தாரைத் தேடி ஓட்டுவார்கள்.

நம்ம ஊர்க் கதை ஒன்றும் இருக்கிறது. 2012 மார்ச் 25, மலேசியாவின் செபாங் டிராக். இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் வீரர், கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் ஓட்டியது எச்.ஆர்.டி. அணியின் கார். அந்த சீஸனின் வேகம் குறைந்த கார்களில் ஒன்று. கிளம்பியதும் கடைசி ஆட்களோடுதான். ஆனால் முன்னால் இருந்தவர்கள் 'இந்த மழைக்கு இது போதும்' என்று இடைநிலை டயர் போட்டுக் கிளம்ப, நரேன் முழு மழை டயரோடு கிளம்பினார். மழை வலுத்தது. மற்றவர்கள் டயர் மாற்ற உள்ளே ஓட, நரேன் நிதானமாகப் போய்க்கொண்டே இருந்தார். மழை தாங்காமல் பந்தயத்தை நிறுத்தியபோது அவர் இருந்தது பத்தாவது இடம்!

மறுபடி கிளம்பி டிராக் காய்ந்ததும் அவர் பின்தங்கிவிட்டார் என்பது வேறு கதை. ஆனால் பாடம் பாருங்கள். மழையில் உங்களைக் காப்பாற்றுவது எத்தனை குதிரை சக்தி என்பது இல்லை, என்ன டயர் என்பது. ஃபார்முலா ஒன்னுக்கு பிரெல்லி கொடுத்த முழு மழை டயர், 300 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு 85 லிட்டர் தண்ணீரை வாரித் தள்ளும் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஒரே ஒரு டயர்! விநாடிக்கு ஆறேழு குடம் தண்ணீர்!

சரி, வழுக்கிருச்சு... இப்ப என்ன பண்றது?

இதைக் கவனமாகப் படியுங்கள். ஸ்போர்ட்ஸ் காருக்கு மட்டும் இல்லை, அப்பாவின் மாருதிக்கும் இதே விதிதான்.

மிதக்க ஆரம்பித்தால்: ஸ்டியரிங் திடீரென்று வெண்ணெய் மாதிரி லேசாகும். அதுதான் அறிகுறி. பிரேக்கை அமுக்காதீர்கள். ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள். நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள். வேகம் குறைந்ததும் டயர் தானாக ரோட்டைத் தொடும். அப்போது ஸ்டியரிங் கோணலாக இருந்தால் கார் அந்தப் பக்கம் பாய்ந்துவிடும். அதனால்தான் நேராகப் பிடிக்கச் சொல்வது.

முன்பக்கம் வழுக்கினால்: இதை அண்டர்ஸ்டியர் என்பார்கள். நீங்கள் திருப்புகிறீர்கள், கார் நேராகவே போகிறது. நம் கை என்ன செய்யும்? இன்னும் திருப்பும். தப்பு! ஆக்ஸிலரேட்டரை மெதுவாக விட்டு, திருப்பியதையும் கொஞ்சம் தளர்த்த வேண்டும். முன் டயருக்கு மறுபடி பிடி வரும்.

பின்பக்கம் வழுக்கினால்: இது ஓவர்ஸ்டியர். பின்பக்கம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கை அளவாகத் திருப்ப வேண்டும். காலை வெடுக்கென்று எடுக்காமல் மெதுவாகத் தளர்த்த வேண்டும். கார் நேரானதும் ஸ்டியரிங்கையும் உடனே நேராக்க வேண்டும். இல்லையென்றால் எதிர்ப்பக்கம் ஒரு சுற்று சுற்றிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று, கண். மோதிவிடுவோமோ என்று மரத்தையே பார்த்தால் கார் மரத்துக்குத்தான் போகும். போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். கை தானாகப் பின்னால் வரும்.

எல்லா விதியையும் ஒரே வரியில் சுருக்கினால்? நம்ம பாட்டி எப்பவோ சொல்லிட்டாங்க பாஸ்... 'பதறாத காரியம் சிதறாது!' பிரேக், ஸ்டியரிங், ஆக்ஸிலரேட்டர், கிளட்ச் எதுவானாலும் மழையில் வெடுக்கென்று செய்யக் கூடாது.

ஒரே ஒரு விதிவிலக்கு. நேர் ரோட்டில் எதிரே ஏதாவது வந்துவிட்டது, உங்கள் காரில் ஏ.பி.எஸ். இருக்கிறது என்றால் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து அப்படியே வைத்திருங்கள். காலுக்கடியில் பெடல் கடகடவென்று துடிக்கும். பயந்து காலை எடுத்துவிடாதீர்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்து புதுக் கார்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். உங்கள் வீட்டுக் கார் அதற்கு முந்தையது என்றால் இருக்கிறதா என்று அப்பாவிடம் கேட்டுவிடுங்கள்.

காதுள்ள கார்!

2018 நவம்பரில் போர்ஷே தன் புதிய 911-ஐ அறிமுகப்படுத்தியபோது ஒரு விசித்திரமான சமாச்சாரம் இருந்தது. முன் சக்கரங்களின் மட்கார்டு பகுதியில் மைக்! டயர் வாரி அடிக்கும் தண்ணீர்ச் சத்தத்தை அது கேட்கும். ரோடு ஈரம் என்று புரிந்ததும் காரின் எலெக்ட்ரானிக் மூளையை உஷார்ப்படுத்தும். 'வெட் மோடுக்கு மாறுங்க' என்று திரையில் டிரைவருக்குச் சொல்லும். மாற்றினால் பவர் மென்மையாக வரும், வழுக்கலைத் தடுக்கும் வசதிகள் முன்கூட்டியே விழித்துக்கொள்ளும்.

கவனித்தீர்களா? அவ்வளவு புத்திசாலிக் காரும் 'மாறுங்க' என்று சொல்லத்தான் செய்கிறது. மாற்ற வேண்டியது மனுஷன்! எலெக்ட்ரானிக்ஸ் இருக்கிற பிடியைச் சிக்கனமாகச் செலவு செய்யும். இல்லாத பிடியை அதனால் கடன் வாங்கித் தர முடியாது.

உலகத்தின் தலைசிறந்த டிரைவர்களும் இதற்கு விதிவிலக்கு இல்லை. 2014 அக்டோபர் 5, ஜப்பானின் சுசூகா டிராக். மழை. ஒரு கார் வழுக்கி வெளியே போய்விட, அதைத் தூக்க கிரேன் வண்டி வந்திருந்தது. ஆபத்து என்று மஞ்சள் கொடி காட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த சுற்றில் அதே இடத்தில் பிரான்ஸ் வீரர் ஜூல்ஸ் பியாங்கியின் கார் கட்டுப்பாட்டை இழந்து அந்தக் கிரேன் மீதே மோதியது. மாதக்கணக்கில் நினைவு திரும்பாமலே கிடந்து, 2015 ஜூலையில் இறந்துபோனார். வயது 25. விசாரித்த நிபுணர் குழு, கட்டுப்பாட்டை இழக்காமல் இருக்கும் அளவுக்கு அவர் வேகத்தைக் குறைக்கவில்லை என்பதையும் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது.

ஃபார்முலா ஒன் வீரர். இடைநிலை மழை டயர். ரேஸ் டிராக். எதிரே மாடு இல்லை, லாரி இல்லை. அப்படியும்.

சாவியைத் திருகும் முன்னால்...

டயர் கோட்டுக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடு இருக்கும், பாருங்கள். அதன் உயரம் 1.6 மி.மீ. டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். மழைக்காலத்தில் அதுவரை காத்திருப்பதே ரிஸ்க்.

மழை ஆரம்பித்த முதல் பத்து, பதினைந்து நிமிஷம் ரொம்ப மோசம். ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு குழைந்து கிடக்கும். டீக்கடையில் ஒதுங்குங்கள். நல்ல மழை ரோட்டைக் கழுவட்டும்.

வெள்ளைக் கோடு, மேன்ஹோல் மூடி, பாலத்தின் இரும்பு இணைப்பு மூன்றும் ஈரத்தில் வழுக்கும். இவற்றின் மேல் பிரேக்கோ திருப்பமோ வேண்டாம். பைக் பார்ட்டிகளுக்கு இது டபுள் கவனம்.

முன்னால் போகும் வண்டியின் சக்கரத் தடத்தில் போங்கள். தண்ணீரை அது தள்ளியிருக்கும். ஆனால் இடைவெளியை இரண்டு மடங்காக்குங்கள்.

கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவுகளானாலும் சரி, ஊர் மேம்பாலமானாலும் சரி... வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே, நேர் ரோட்டிலேயே குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் போன பிறகு பிரேக்கைத் தேடுவது, எக்ஸாம் ஹாலில் சிலபஸ் கேட்பது மாதிரி.

வழுக்கி விளையாடித்தான் பார்க்க வேண்டும் என்று கை பரபரக்கிறதா? தப்பே இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையிலும், கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்திலும் ரேஸ் டிராக்குகள் இருக்கின்றன. ஹெல்மெட் போட்டு, சொல்லிக்கொடுக்க ஆள் வைத்து, காரசாரமாகக் கற்றுக்கொள்ளுங்கள். சென்னா மழையில் பழகியதும் டிராக்கில்தான், தெருவில் இல்லை.

சரி, ஈ.சி.ஆருக்குத் திரும்புவோமா? நண்பனின் கால் இறங்கியிருக்கிறது. தண்ணீர் பளபளக்கிறது. வளைவு நெருங்குகிறது. இப்போது உங்களுக்குத் தெரியும், அந்த வளைவுக்குள் நுழைந்த பிறகு அவனால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. ஜெயிக்கிறதோ தோற்கிறதோ, எல்லாம் அதற்கு முந்தைய நேர் ரோட்டில்தான். அந்த நேர் ரோடு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

ஸ்டியரிங் உங்கள் கையில் இல்லை. பிரேக் உங்கள் காலடியில் இல்லை. ஆனால் வாய் இருக்கிறது.

"டேய் மச்சி... மெதுவா விடு. கால மெதுவா எடு."

'பயந்தாங்கொள்ளி' என்பான். கிண்டல் பண்ணுவான். நாளைக்கு கேன்டீனில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான்.

சிரிக்கட்டுமே. நாளைக்கு கேன்டீனுக்கு ரெண்டு பேரும் வந்தாத்தானே அவன் சிரிக்க முடியும்!